ஆறு நம்பர் மலையிறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும்? முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட ஆற்காட்டு ஊர்களில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே மேசை போட்டு ஆள் எடுக்க வருகிறவர்களுக்கும்,

போன வாரம் என் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த முகாமில் இணையத்தில் முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்களாம். அன்றைக்குக் காலையில் வாசலில் பெயர் கொடுப்பது இனி கிடையாது. மின்னஞ்சல் வேண்டும், சொந்த செல்போன் எண் வேண்டும், பயோடேட்டாவை பி.டி.எஃப். ஆக்கி ஏற்ற வேண்டும். நோட்டீஸை நான் ஒட்டவில்லை. மடித்து மேசை டிராயரில் போட்டுவைத்திருக்கிறேன். ஏன் ஒட்டவில்லை என்பதை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒடுகத்தூரில் சின்னதாய் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷின், உட்கார இரண்டு ஸ்டூல். உங்கள் முடிவால் எனக்கு நஷ்டமில்லை. பதிவு செய்து கொடுக்க 50 ரூபாய், பயோடேட்டா அடித்துப் பிரிண்ட் போட 40 ரூபாய் வாங்குகிறேன். முகாமுக்கு முந்தின வாரம் கல்லா கொஞ்சம் கனக்கும். வரும்படி பார்க்கிறவளே வேண்டாம் என்று எழுதுகிறாளே, அதில் ஏதோ இருக்கும் என்றாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ஆட்டுச் சந்தை. ஜவ்வாது மலையிலிருந்து ஆடு ஓட்டிவருகிறவர்கள் சந்தை வேலை முடிந்ததும் அப்படியே என் கடைக்கும் வருவார்கள். ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஏதாவது இருக்கும். போன வெள்ளிக்கிழமை ஜார்தான்கொல்லைப் பக்கமிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். விலை படியாமல் திரும்பிய குட்டி ஒன்றைப் படிக்கட்டில் கட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். மகள் பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம். முகாமுக்குப் பதிய வேண்டும் என்றாள்.

பெயர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் போட்டாயிற்று. செல்போன் எண் போட்டதும் ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் போடவும் என்றது. வீட்டுக்கே ஒரு போன்தான். அது அண்ணனிடம். அண்ணன் மலையில். என் போனிலிருந்து கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. "பாறை மேல ஏறினாதான் டவர் எடுக்கும், சாயந்தரம் மாட்டை ஓட்டிக்கிட்டு வரும்போது ஏறுவான்" என்றாள். நானும் விடாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அனுப்பிப் பார்த்தேன். மூன்றாம் முறைக்கு அப்புறம், 24 மணி நேரம் கழித்து முயலவும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. இதற்குள் படிக்கட்டில் இருந்த குட்டி அவளுடைய டி.சி. ஜெராக்ஸின் ஒரு மூலையைத் தின்றிருந்தது. நல்லவேளை, அசல் பைக்குள் இருந்தது.

"நாளைக்கு வரட்டுமா அக்கா?" என்று கேட்டாள். மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் போகும், அந்த நாளின் கூலியும் போகும். எனக்கு அது தெரியும், அதனால் வா என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்கள். ராத்திரி ஏழரை மணிக்கு என் போன் அடித்தது. அந்த அண்ணன். "அக்கா, ஏதோ ஆறு நம்பர் வந்திருக்கு, மூணு தடவ வந்திருக்கு, சொல்லட்டுமா?"

மின்னஞ்சல் கதை வேறு. முகாமுக்கென்றே நான் மின்னஞ்சல் திறந்து கொடுத்த பிள்ளைகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. பாஸ்வேர்டை ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன், தொலைத்துவிடுவார்கள். அதனால் ஒரு நோட்டில் நானும் எழுதிவைக்கிறேன். அடுத்தவர் பாஸ்வேர்டை வைத்திருப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் நேர்காணலுக்கு வரச்சொல்லி நீங்கள் அனுப்பும் கடிதத்தை அந்த நோட்டைப் பார்த்துத் திறந்து, படித்து, ஆளைக் கூப்பிட்டுச் சொல்வதும் நான்தான். நீங்கள் மின்னஞ்சல் அனுப்புவதாக நினைக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அது என் வாய் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. நான் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அந்த வாரம் யாருக்கும் வேலை இல்லை.

இந்த மலைக்கு இன்னொரு வகை ஆள் எடுப்பும் நடக்கிறது. அது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மேஸ்திரி வீட்டு வாசலுக்கே வருவான். பயோடேட்டா கேட்க மாட்டான், வயது கேட்க மாட்டான், ஓ.டி.பி. கேட்க மாட்டான். அட்வான்ஸ் பணத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஆளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். கரும்பு வெட்டவோ, செங்கல் சூளைக்கோ, மரம் வெட்டவோ போகிறார்கள். எந்தக் காடு என்று போன பிறகுதான் தெரியும். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடிப்பது இன்னும் நின்றபாடில்லை. நீங்கள் வாசல் பதிவை மூடினால் அந்தப் பிள்ளைகள் வேலை தேடுவதை விட்டுவிட மாட்டார்கள். வாசலுக்கு வருகிறவனோடு போவார்கள். என் கோபமெல்லாம் இதுதான்.

கூட்டம் அதிகமாகிவிட்டது, யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் வசதி என்பீர்கள். சரி, நியாயம்தான். நானும் அந்தக் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறேன். ஆனால் கூட்டத்தைக் குறைக்க நீங்கள் வைத்த சல்லடையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறவர்கள் தங்குகிறார்கள், வேலை ரொம்பத் தேவைப்படுகிறவர்கள் கொட்டிப்போகிறார்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடை வைப்பதற்கு முன் ஆறு வருடம் நான் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள். விடியற்காலை கம்பெனி பஸ் வரும், மாதனூர் வழியாகப் போகும். முதல் ஒரு வருடம் ஹெல்பர், நூல் நறுக்குவதும் பசை தடவுவதும்தான். அப்புறம் போஸ்ட் பெட் மிஷினில் உட்காரவைத்தார்கள். தோலின் ஓரத்தைச் சீவுகிற ஸ்கைவிங்கும் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு மயிரிழை கூடச் சீவினால் தையல் போடும்போது கிழியும், குறையச் சீவினால் மடிப்பு தடித்துக் காலைக் கடிக்கும். விரலால் தடவியே சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்வேன். குழந்தை பிறந்ததும் நின்றேன். மூன்று வருடம் கழித்து ஒரு முகாமுக்குப் போனபோது எதிரே உட்கார்ந்திருந்த தம்பி, "எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இருக்கா? நடுவுல ஏன் கேப்?" என்று கேட்டார். சர்டிபிகேட் எங்கே கிடைக்கும்? கம்பெனி வாசலில்தான் வேலை, சம்பளம் கொடுத்தது காண்ட்ராக்டர். அந்த காண்ட்ராக்டர் இரண்டு முறை மாறியாயிற்று. கேப்புக்கு என்ன சொல்வது, பிள்ளையைத் தூக்கிவந்து மேசை மேல் வைக்கவா?

அன்றைக்கு ஒரு தோல் துண்டையும் ஒரு மிஷினையும் என் முன்னால் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கடைக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் இறக்கினால் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை யார் பணம் கட்டினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆறு வருட உழைப்புக்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? இப்போது ஷூ கம்பெனியில் இருந்து நின்ற பெண்கள் வந்தால் முதலில் அவர்களுடைய பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைத்தான் கேட்கிறேன். பாஸ்புக்கை பயோடேட்டாவோடு சேர்த்துக் குத்திக் கொடுக்கிறேன். மேசையில் இருப்பவர்கள் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று திரும்பி வந்து சொல்கிறார்கள்.

கடைசியாக வேலூரில் நடந்த முகாமுக்கு இங்கிருந்து ஒரு வேனில் பதினோரு பேர் போனார்கள். நானும் கூடப் போனேன், கடையைச் சாத்திவிட்டு. வேனுக்குத் தலைக்கு 200, சாப்பாடு, டீ, கூடுதல் ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 ரூபாய் ஆனது. பத்தாவது தேறி, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை விடாமல் புதுப்பித்து ஐந்து வருடம் காத்திருந்தவருக்கு அரசு தருகிற உதவித்தொகை மாதம் 300 ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் எட்டாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை என்று போட்டிருந்தது. உள்ளே போனால் பாதி மேசைகளில் டிகிரி, மீதியில் பிளஸ் டூ. எட்டாம் வகுப்புக்கு ஒரே மேசை, செக்யூரிட்டி வேலை, ஆண்கள் மட்டும். 38 வயது அக்கா ஒருவர் எங்களோடு வந்திருந்தார், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். "28 வயசுக்குள்ளதான் மேடம்" என்றார்கள். வயது வரம்பு நோட்டீஸில் எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் அவர் அந்த 300 ரூபாயை மிச்சம் பிடித்திருப்பார்.

மலையிலிருந்து வந்த ஒரு பையன் விண்ணப்பத்தில் சாதி என்ற இடத்தில் 'மலையாளி' என்று எழுதியிருந்தான். மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "கேரளாவா? தமிழ் நல்லா பேசுறியே" என்றார். பையனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐயா, மலையாளி என்பது எங்கள் மலையில் வாழும் பழங்குடி. அரசின் பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே எந்தெந்த மாவட்டம் என்று எழுதியிருக்கிறது, எங்கள் பழைய மாவட்டமான வட ஆற்காடும் அதில் ஒன்று. இந்த மாவட்டத்தின் பெயரில் முகாம் நடத்த வருகிறவர்கள் இந்த மாவட்டத்து மக்கள் யார் என்று ஒரு தடவை படித்துவிட்டு வரலாம்.

போலியோவில் கால் போன ஒரு தம்பியும் எங்களோடு வந்தார். கம்ப்யூட்டரில் தமிழும் ஆங்கிலமும் என்னைவிட வேகமாக அடிப்பார். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி மேசை என்று பெரிய பேனர். மேசை முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது, சாய்தளம் கிடையாது. நானும் வேன் டிரைவரும் தோள் கொடுத்து ஏற்றினோம். மேலே மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மணி பதினொன்றேகால்.

வேலூரில் இப்படி நடக்கலாமா? 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இந்த ஊரில்தான். அவர் பாடுபட்டு 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. நடக்க முடியாதவர்கள் வேலை செய்ய முடியும் என்று நாட்டுக்கே காட்டிய ஊரில், அந்தத் தம்பியை மூட்டை மாதிரி மாடிக்குத் தூக்கினோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்று வைத்திருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனமாக இருந்தால், எந்தெந்த வேலைக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கலாம் என்பதையும் அதில் எழுதிவைக்க வேண்டும். அன்றைக்கு நான் ஐந்து மேசைகளில் அதைக் கேட்டேன். ஒருவர் மட்டும் ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். இதுவரை அழைக்கவில்லை. மற்ற நால்வருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

சாயந்தரம் மேடையில் நியமன ஆணை கொடுத்தார்கள். எங்கள் பதினோரு பேரில் ஐந்து பேருக்குக் கிடைத்தது. போட்டோ எடுத்தார்கள், மறுநாள் பேப்பரில் வந்தது, அதையும் என் கடையில்தான் லேமினேஷன் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஒருத்திக்கு வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று ஆணை கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் அனுப்பவில்லை. இரண்டு பையன்கள் ஓசூர் போனார்கள். சொன்ன சம்பளம் 16,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பது சட்டம், அதைக் குறை சொல்லவில்லை. அதற்கு மேல் சாப்பாடு, அறை, பஸ், யூனிஃபார்ம் என்று பிடித்துக் கையில் வந்தது 9,000 சொச்சம். மூன்றாம் மாதம் திரும்பிவிட்டார்கள். இன்னொரு பெண்ணை வரச்சொன்ன கம்பெனி, அங்கே போய் நின்றபோது இப்போது ஆள் தேவையில்லை என்றது. ஐந்தாவது ஆள் ஒருவர்தான் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார். உங்கள் கணக்கில் மட்டும் இன்னும் ஐந்து பேரும் வேலையில் இருக்கிறார்கள்.

மாவட்ட எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989இல் ஒரு தடவை, 2019இல் ஒரு தடவை என்று பழைய வட ஆற்காட்டைப் பிரித்தார்கள். நிர்வாகத்துக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை தனி மாவட்டத்துக்குப் போனது. ஒடுகத்தூர் பெண்ணுக்கு வேலை மாதனூர் தாண்டி ஆம்பூரில்தான் இருக்கிறது, நேற்றும் இன்றும். பக்கத்து மாவட்டத்தில் முகாம் என்றால் "எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மட்டும்" என்று ஆதாரைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். கம்பெனி பஸ் எல்லையைத் தாண்டி வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. முகாமுக்கு மட்டும் எல்லை.

இனி நான் கேட்பவை.

வாசல் பதிவைத் திரும்பத் திறந்துவிடுங்கள். இணையத்தில் பதிந்தவர்களுக்கு ஒரு வரிசை, நேரில் வருகிறவர்களுக்கு ஒரு வரிசை இருக்கட்டும். நேரில் வருகிறவருக்கு மின்னஞ்சலும் ஓ.டி.பி.யும் வேண்டாம், ஒரு தாளில் பெயரும் ஊரும் தெரிந்த வேலையும் எழுதினால் போதும். செல்போன் என்ற இடத்தில் பக்கத்து வீட்டு எண்ணையோ கடை எண்ணையோ எழுத விடுங்கள்.

முகாமை எப்போதும் ஊருக்குள் பெரிய மண்டபத்தில்தான் வைக்க வேண்டுமா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒடுகத்தூரில் ஒரு வெள்ளிக்கிழமை வையுங்கள். சந்தைக்கு மலை முழுக்க இறங்கி வரும், நீங்கள் விளம்பரம்கூடச் செய்ய வேண்டாம். பீஞ்சமந்தைக்கு ஒரு தடவை நீங்களே ஏறி வந்தால் இன்னும் நல்லது. மேஸ்திரி ஏறுகிற மலைதானே.

நோட்டீஸில் வேலை எந்த ஊரில், வயது எவ்வளவு, படிப்பு எவ்வளவு, பிடித்தமெல்லாம் போகக் கையில் எவ்வளவு என்ற நான்கையும் போடுங்கள். இந்த நான்கும் எழுதித் தராத கம்பெனிக்கு மேசை கொடுக்காதீர்கள்.

தையல், ஸ்கைவிங், வெல்டிங் மாதிரி கைவேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் ஒரு மிஷினையாவது கொண்டுவந்து செய்துகாட்டச் சொல்லுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை அனுபவச் சான்றாக ஒப்புக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்று வளர்த்த வருடங்களைக் கேப் என்று கேட்பதை நிறுத்துங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் மேசை தரைத்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காலை முதல் சாயந்தரம் வரை அதில் ஆள் இருக்க வேண்டும். சைகை மொழி தெரிந்த ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். கலந்துகொள்ளும் நிறுவனங்களின் சமவாய்ப்புக் கொள்கையை அந்த மேசையிலேயே வையுங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்காரர்களும் மூன்று முகாமுக்கும் போகலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக, நியமன ஆணை வாங்கியவர்களுக்கு மூன்றாம் மாதம் ஒரு போன் போட்டு, எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று கேட்டு அந்தக் கணக்கை வெளியிடுங்கள். போன் போட ஆள் இல்லை என்றால் எங்கள் பக்கத்துப் பட்டியலை என்னிடம் கொடுங்கள், நான் போடுகிறேன். எப்படியும் அவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த முகாமுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. திருத்திய நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே ஒட்டிவிடுகிறேன், கடைச் சுவரில் இடம் விட்டுவைத்திருக்கிறேன். ஜார்தான்கொல்லைப் பெண்ணிடம் அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறு என்று அவளுடைய அண்ணன் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒடுகத்தூர் ஜெராக்ஸ் கடைக்காரி